தூத்துக்குடிக் கடற்கரையில் சிறார் புலப்பெயர்வு

தூத்துக்குடி முத்துக்குளித்துறை வழியாகவும் அதையடுத்த மன்னார் வளைகுடா வழியாகவும் தமிழ்ச் சிறார் இடம்பெயர்ந்த வரலாறு ஐந்து நூற்றாண்டுகளை நெருங்குகிறது. போர், பஞ்சம், அரசுகளின் ஒப்பந்தம் எனக் காரணங்கள் மாறின. எங்கே போவது என்று குழந்தைகளை எவரும் கேட்டதில்லை. ஆனால் கூலிக்கும் உதவித்தொகைக்கும் அவர்கள் தலை தவறாமல் எண்ணப்பட்டது.

தொடக்க காலம்

1544இல் வடுகர் படை கடலோர ஊர்களைச் சூறையாடியபோது பரதவர் ஊரைவிட்டு ஓடிக் குமரிமுனையை ஒட்டிய கடற்பாறைகளில் ஒதுங்கினர். பசியும் தாகமும் அங்கே உயிர்களைப் பறித்தன. இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சேவியர் மணப்பாட்டிலிருந்து உணவேற்றிய தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்காற்று அவரைக் கரைசேர விடவில்லை.

தோட்டப் பயணம்

1876இல் ரயில் தூத்துக்குடியை எட்டியது. அதே ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சம் உள்நாட்டுக் குடும்பங்களை இலங்கைத் தோட்டங்களுக்குத் துரத்தியது. ஆள்சேர்ப்பவரான கங்காணி திரட்டிய குடும்பங்கள் தட்டப்பாறை முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப்பின் கொழும்புக் கப்பலில் ஏற்றப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளிக்குத் தகர வில்லை ஒன்று தரப்பட்டது. அதில் பெயர் இராது; எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் எண் இருக்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இப்போக்குவரத்து தனுஷ்கோடிக்கும் மண்டபம் முகாமுக்கும் மாறியது.

லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு மலையேறினர். இலங்கையின் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண் ஆகியோருடன் குழந்தைக்கும் தனிக் கூலி வகுத்தது. மலையகத்தில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், குழந்தைக்கு 32 சதம்.

தாயகம் திரும்பியோர்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறிய பிள்ளைகளுக்கு இலங்கைதான் பிறந்த மண். தாத்தா, பாட்டியின் ஊரைக் கதையாக மட்டுமே கேட்டிருந்தனர். மண்டபம் முகாமை அடைந்த குடும்பங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் பிரித்தனுப்பப்பட்டன.

போர்க் காலம்

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் தமிழ்க் குடும்பங்கள் தமிழகத்துக்குப் படகேறின. 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர். தூத்துக்குடி மாவட்டத்தில் தாப்பாத்தி, குளத்துள்வாய்பட்டி, மாப்பிள்ளையூரணி ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தூக்கி நிறுத்தியது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப்பின் அந்தப் பிள்ளைகளின் கல்விக்குச் சில காலம் கதவு அடைபட்டது. பழி சுமந்தவர்கள் கொலையில் எந்தப் பங்கும் இல்லாத மாணவர்கள். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் வந்த முதல் குடும்பங்கள் அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டன. அவர்களில் நான்கு மாதக் கைக்குழந்தையும் இருந்தது.

இன்றைய நிலை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ.317.40 கோடித் திட்டத்தையும் 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது. குழந்தைக்கான மாத உதவி ரூ.400இலிருந்து ரூ.500 ஆனது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர்.

கட்டடங்கள் புதிதாயின; ஆனால் கடவுச்சீட்டும் அரசு வேலையும் எட்டாக்கனியாகவே இருக்கின்றன. பொறியியல் படித்த முகாம் இளைஞர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போவது இதனால்தான். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப்பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அது இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, வேறு ஊரே அறியாத இத்தலைமுறைக்கு இந்தியக் குடியுரிமை வழங்குவதே நியாயம்.