கணக்கு மாத்திரை



வகுப்பில் ஓரிடத்தில் அமராத பிள்ளையை, "அடக்கமில்லாதவன், அக்கறையற்றவன்" என்று முடிவு கட்டிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த எண்ணத்தை அசைத்துவிட்ட ஒரு வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மூளை, மனக் கோளாறுகள் உள்ள சிறுவர்களுக்காக எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் 1931-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே மருத்துவராக இருந்தவர் சார்ல்ஸ் பிராட்லி. மூளையை எக்ஸ்ரே படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கப்படும். அதனால் கடுந்தலைவலி வரும். அதைத் தணிக்கப் பென்செட்ரின் என்னும் ஊக்கமருந்தை அவர் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால், பிள்ளைகளின் படிப்பிலோ வியப்பான மாற்றம் தெரிந்தது!

1937-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 14 வயது வரையுள்ள 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் அம்மருந்து தரப்பட்டது. அவர்களுள் 14 பேர் பாடங்களில் பெரிதும் முன்னேறினர். மருந்து நின்றதும் முன்னேற்றமும் நின்றது. பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்களாம்.

துள்ளும் பிள்ளையை ஊக்கமருந்து எவ்வாறு அமைதிப்படுத்தும்? மூளை நரம்பணுக்கள் டோபமின், நோரட்ரினலின் என்னும் பொருள்களால் செய்தி பரிமாறுகின்றன. வெளியிட்ட பொருளை அணுக்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கிய மெத்தில்பெனிடேட், அதாவது ரிட்டலின், அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. செய்தி வலுப்பெறுகிறது, கையிலுள்ள வேலையில் மனம் நிலைக்கிறது. ஆக, மருந்து பிள்ளையை மயக்கி அடக்குவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1978-இல் ஜூடித் ரேப்போபோர்ட் குழுவினர், குறைபாடு ஏதுமில்லாத சிறுவர்களுக்கு இவ்வகை மருந்தொன்றைக் கொடுத்தபோது, அவர்களும் அமைதியடைந்து கூடுதல் கவனம் செலுத்தினர். எனவே, மருந்து பலன் தந்தது என்பதாலேயே கோளாறு உண்டென்று கொள்ளலாகாது. பசிக்குறைவு, தூக்கமின்மை போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியருமாகிய நமக்கு உரிய கடமை வேறு. பிள்ளை எப்போது கவனம் சிதறுகிறான், வீட்டிலும் அப்படித்தானா என்று கூர்ந்து கவனித்து மருத்துவரிடம் சொல்வதே அது. பிரம்பைத் தேடும் முன் அதைச் செய்வோமாக.