அய்லாக் கற்கோட்டை: கட்டுமானமும் மறுகட்டுமானமும்

அயர்லாந்தின் வடமேற்கே, டொனிகால் மாவட்டத்தில் 244 மீட்டர் உயரமுள்ள குன்றின்மீது அமைந்த வட்டக் கற்கோட்டை ‘கிரியனான் அய்லாக்’ எனப்படும். முற்கால அயர்லாந்தின் கட்டடக்கலைக்குச் சான்றாக இது எடுத்துக்காட்டப்பெறுகிறது. அதன் இன்றைய தோற்றம் எக்காலத்துக்குச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்டையின் உள்விட்டம் ஏறத்தாழ 23 மீட்டர். சுவரின் தடிப்பு சுமார் 4.5 மீட்டர், உயரம் 5 மீட்டர். சுண்ணச்சாந்து சிறிதுமின்றிக் கற்களைப் பொருத்தி அடுக்கியே சுவர் எழுப்பப்பட்டுள்ளது. கற்களின் எடையும் சுவரின் தடிப்புமே அதற்குப் பிணிப்பாகின்றன. வெளிமுகம் மேற்செல்லச் செல்ல உட்புறமாகச் சாய்கிறது. வாயில் ஒன்றே, அதன் மேற்புறம் கற்பலகைகளால் மூடப்பெற்றுள்ளது. சுவரின் தடிப்புக்குள்ளேயே ஒடுங்கிய நடைவழிகள் இரண்டு செல்கின்றன. உட்புறத்தில் மூன்று படித்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

கி.பி. 6 அல்லது 7ஆம் நூற்றாண்டளவில் எழுந்ததாகக் கருதப்பெறும் இக்கோட்டை, வடபுல உயி நேல் அரசமரபின் கிளையினரது ஆட்சிப்பீடமாக விளங்கியது. 1088இல் அம்மரபின் அரசன் டொம்னல், தென்புல மன்ஸ்டர் அரசரின் கின்கோராவை அழித்தான். அதற்குப் பழியாக 1101இல் மன்ஸ்டர் அரசன் முயர்கர்டக் உவா பிரையன் அய்லாக்கை இடித்தான். படையினரின் உணவு மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வீதம் இங்கிருந்து பெயர்த்துச் செல்லுமாறு அவன் ஆணையிட்டதாக, 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘நால்வர் ஆண்டேடு’ கூறுகிறது.

1835இல் ஜார்ஜ் பெட்ரி இவ்விடத்தை ஆராய்ந்தபோது சுவர் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமே எஞ்சியிருந்தது. பின்னர், 1874 முதல் 1878 வரை, டெரி நகர மருத்துவர் வால்டர் பெர்னார்ட் அதனை மீண்டும் எழுப்பினார். எனவே, சுவரின் தரையமைப்பும் தடிப்பும் பழங்காலத்தவை எனக் கொள்ளத் தடையில்லை. 5 மீட்டர் உயரமும் மேலைப் படித்தளங்களும் இன்றுள்ள வடிவில் 19ஆம் நூற்றாண்டின் ஆக்கங்களாகும்.

சிதைந்த சுவடியில் விடுபட்ட அடிகளைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்புவதுண்டு. அவ்வூகம் பொருத்தமானதாயினும் அவ்வடிகளை மூல ஆசிரியரின் நடைக்குச் சான்றாகக் காட்டுதல் இயலாது. அய்லாக்கின் மேற்சுவரும் அத்தகையதே. மறுகட்டுமானத்துக்கு முந்தைய பெட்ரியின் பதிவு இங்கே மூத்த படியாக நின்று உதவுகிறது. அதனோடு ஒப்பிட்ட பின்னரே இக்கோட்டையைப் பழங்கட்டடக்கலைக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.