பிள்ளை பெற்ற உடம்பு: பதுளைத் தோட்டங்களின் நிறைக்கணக்கு

கனடாவில் வாழும் உறவுக்காரப் பெண் ஒருத்தி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். உடற்பருமனுக்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள். அதன்பின் ஒரு பிள்ளைக்குத் தாயானவள். பேறுகாலத்தில் ஏறிய நிறை இறங்க மறுக்கிறது என்பது அவளது கவலை. பேச்சின் நடுவே ஒன்றைக் கேட்டாள்: "அம்மாயி ஒம்பது புள்ள பெத்தாங்களே மாமா, அவங்களுக்கு மட்டும் எப்படி ஒடம்பு போடல?"

அவளுடைய அம்மாயி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால், அதற்கான விடை ஊவாவின் வரலாற்றில் கிடக்கிறது.

ஊவா 1886இல் தனி மாகாணமானது. புகையிரதம் பதுளையை எட்டியதோ 1924இல்தான். தோட்டங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்டன. கங்காணிகளின் பின்னே தமிழகத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பில் எழுந்தவை அவை. கோப்பிக்குப் பின் தேயிலை வந்தபோது பெண்ணின் விரல்கள் தோட்டத்தின் மூலதனமாயின. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பெண். அவளே அடுத்த தலைமுறைத் தொழிலாளியையும் பெற்றுத் தர வேண்டியவள். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் மீது சுமத்தியது. கருணையா, கணக்கா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று வகுத்தபோது கணக்கு மட்டுமே பேசியது. ஆணும் பெண்ணும் சமகூலி பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பிற்காலத்தில் விடுமுறை 84 நாளாக உயர்ந்தபோதும், இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பேற்றிற்கு 42 நாள்தான். மூன்றாவது பிள்ளை தாயின் உடம்பை முதற் பிள்ளையைவிடப் பாதியே களைப்பாக்கும் என்று எந்த மருத்துவ நூலில் படித்தார்களோ தெரியாது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது.

விடுமுறை முடிந்ததும் அவள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையோடு மலையேற வேண்டும். பால் கொடுக்க இடையில் இறங்கி வந்து மீண்டும் ஏற வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாகத் தேவை என்கிறது மருத்துவம். அவளுக்குக் கிடைத்தது ரொட்டியும் சம்பலும் வெறுந் தேத்தண்ணியும். நிறை நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அங்கே நிறை என்றால் கொழுந்தின் நிறை. பறித்தவளின் நிறையை எவரும் கேட்கவில்லை. அம்மாயிக்கு உடம்பு போடாத இரகசியம் இவ்வளவுதான்.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலையகத்தில் மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. பங்கீட்டு அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. கிராமத்தவருக்குப் பலாக்காயும் கிழங்குமாவது கைகொடுத்தன. லயத்துக்காரருக்குச் சொந்தமாக ஓரடி நிலமில்லை. தோட்டப்புறத்தில் 1974இல் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. பலர் லயங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள்.

பின்னர் நிலைமை மேம்படாமல் இல்லை. எனினும், 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில்கூட, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூவரில் ஒருவர் அளவில் வயதுக்கேற்ற உயரமற்றிருந்தனர். நாட்டின் சராசரியோ 17 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டின் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதிக நிறை உடையவர்கள்! ஒரே தீவில் இரண்டு உடம்புகள்.

இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள் என்று கருத இடமிருக்கிறது. நிறை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை இங்கிலாந்தின் மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியிலிருந்து எடுத்துக்காட்டினார். கருவிலே பஞ்சம் கண்ட உடம்பு, கிடைத்ததைச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பின்னர் பஞ்சமில்லாத தேசத்திலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

அவள் செய்துகொண்ட சிகிச்சையின் கதை 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் தொடங்குகிறது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிவதைக் கண்டு, அதையே பருமனுக்கு மருந்தாக்கினார். இரைப்பை சிறிதாக்கப்பட்டு, சிறுகுடலின் தொடக்கப் பகுதி விலக்கப்படுகிறது. அங்கேதான் இரும்புச்சத்து அதிகம் உறிஞ்சப்படுகிறது. எனவே இரும்பு, பி12, கல்சியம் எல்லாம் வாழ்நாள் முழுவதும் மேலதிகமாக எடுக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்களாவது கழித்தே கருத்தரிக்குமாறு மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். பாலூட்டும் காலத்தில் அவசரமாக நிறை குறைக்கப் பட்டினி கிடந்தால், தாயின் பி12 குறைபாடு பிள்ளையின் நரம்புகளைப் பாதிக்கக்கூடும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நிறையைவிட முதலில் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னேன். சத்திரசிகிச்சை செய்த இடத்து உணவு ஆலோசகரைப் பார்க்கவும் சொன்னேன். இரும்பு மாத்திரையை எப்படி விழுங்குகிறாய் என்று கேட்டதற்கு, "காலையில தேத்தண்ணியோடதான்" என்றாள். தேயிலையின் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. அம்மாயிக்கும் தேத்தண்ணியும் ரொட்டியும்தான் சாப்பாடு. அவருக்கும் இரத்தம் ஏறவேயில்லை. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கு, தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன்.

"எங்க தோட்டத்துத் தேயிலதான் மாமா, நீங்க போன வருசம் அனுப்பினது" என்றாள்.