பேராசிரியர் இருவர், ரிலே ஒன்று

உயரழுத்த லைனில் மின்னல் தாக்கினாலோ கம்பி அறுந்தாலோ, கண் இமைப்பதற்குள் அதைத் துண்டிக்கச் சொல்வது ரிலே. 1960-களில் அது பெரும்பாலும் சுழலும் தட்டும் சுருள்வில்லும் கொண்ட இயந்திரமாகவே இருந்தது. அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று 1969-இல் ஜார்ஜ் ராக்கஃபெல்லர் ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் இத்துறையில் பெயர் பெற்ற இருவர் அருண் ஃபட்கே, எட்மண்ட் ஷ்வைட்சர். இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். அந்நாட்டின் தேசியப் பொறியியல் அகாதெமி இருவரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒருவர் தொழிலிலிருந்து வகுப்பறைக்கு வந்தார், மற்றவர் வகுப்பறையை விட்டுத் தொழிலுக்குப் போனார்.

கோட்பாடு பல்கலைக்கழகத்தில் பிறக்கும், விற்பனைக்குரிய பெட்டி கம்பெனியில் பிறக்கும் என்றுதான் நினைப்போம். இவர்கள் கதையில் அது தலைகீழ்.

குவாலியரில் பிறந்த ஃபட்கே 1959-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும், 1964-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டத்துடனும் படிப்பை முடித்தவர். 1970-களில் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் என்ற மின் நிறுவனத்தில் கணினி ரிலே உருவாக்கும் வேலை. அங்கே வந்த சிக்கல் சாதாரணமானது: அக்காலக் கணினிக்கு வேகம் போதவில்லை. மூன்று கம்பிகளில் எது எதோடு, அல்லது எது தரையோடு இணைந்தது என்று பார்க்க ஆறு சமன்பாடுகள் வேண்டும். ஒவ்வொரு அளவீட்டு மாதிரிக்கும் ஆறையும் போட நேரமில்லை. ஃபட்கேயும் சகாக்களும் சமச்சீர் கூறுகள் என்ற பழைய கணித முறையைக் கொண்டு ஆறையும் ஒன்றாக்கினார்கள். ரிலேக்காகச் செய்த அந்தச் சிக்கனத்தில் கிடைத்த நேர்வரிசைக் கூறு, லைனைவிடப் பெரிய ஒன்றுக்குப் பயன்பட்டது. அதைப் பல ஊர்களில் ஒரே கணத்தில் அளந்தால் மின்தொகுப்பு முழுவதன் நிலையையும் அறியலாம்.

‘ஒரே கணத்தில்’ என்பதுதான் கடினம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு மில்லிநொடி பிசகினால் அலையின் கோணம் 18 பாகை பிசகும். 1982-இல் வர்ஜீனியா டெக்கில் பேராசிரியராகச் சேர்ந்த ஃபட்கே, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தார்ப்போடு தொடர்ந்து உழைத்தார். பொதுக் கடிகாரமாக உதவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் முழு எண்ணிக்கையை எட்டாத 1988-இலேயே, இந்தக் கோணத்தை அளக்கும் முதல் ஃபேசர் அளவீட்டுக் கருவி வர்ஜீனியா டெக்கில் தயாரானது. அதன் அருமையை 2003 ஆகஸ்ட் 14 உணர்த்தியது. அன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடையை ஆராய்ந்தவர்கள், பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் எது முதலில் நடந்தது என்று கோக்கவே திண்டாடினார்கள்.

ஷ்வைட்சர் எதிர்ப்பக்கம். உயரழுத்த ஃப்யூஸை உருவாக்கியவர்களில் ஒருவர் அவருடைய தாத்தா, தொழில் குடும்பம். 1977-இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த முனைவர் ஆய்வே டிஜிட்டல் பாதுகாப்பு ரிலே பற்றியது. ஒஹையோவிலும் பிறகு படித்த இடத்திலும் பாடம் நடத்தினார். 1982-இல் புல்மன் ஊரில் தம் வீட்டு அடித்தளத்தில் கம்பெனி தொடங்கினார். 1984-இல் முதல் டிஜிட்டல் ரிலே மினசோட்டா மாநில மின் நிறுவனம் ஒன்றுக்கு விலைபோனது. பழையதைவிடச் சிறியது, மலிவானது. கோளாறு எத்தனை மைல் தள்ளி என்றும் சொல்லும். லைன்மேன் கோபுரம் கோபுரமாகத் தேடி அலைய வேண்டாம். என் கணிப்பில் ரிலேயை விற்றது துண்டிக்கும் திறமையைவிட இந்தத் தூரக் கணக்குதான்.

ஆசிரியப் பணி என்ற அளவில் எடை போட்டால் என் சாய்வு ஃபட்கே பக்கம். தார்ப்போடும், மின் நிறுவனத்துச் சகா ஸ்டான்லி ஹோரோவிட்ஸோடும் அவர் எழுதிய பாடநூல்கள் ரிலே படித்த தலைமுறைகளை உருவாக்கின. அவருடைய அளவீடு யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரநிலையாயிற்று. ஷ்வைட்சர் வளர்த்தது ஊழியர்களே உரிமையாளர்களான ஒரு நிறுவனம். அதுவும் பள்ளிக்கூடம்தான் என்று வாதிடலாம், ஆனால் அங்கே கற்றது முதலில் கம்பெனிக்கு.

தமிழ்நாட்டுக்கு இந்த ஒப்பீடு அந்நியமல்ல. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது, அப்போது நம் மின்தொகுப்பு தனியாக இயங்கியதால். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் தென் தொகுப்பை நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைத்தது. இனி குஜராத்தின் அதிர்வு நமக்கும் உண்டு. கோணத்தை அளக்காமல் முடியாது. அந்த அளவீடு இப்போது ஷ்வைட்சர் நிறுவனத்தின் ரிலேக்களுக்குள்ளேயே ஒரு கூடுதல் வசதியாக வருகிறது. அதை முடுக்கி, தரவை அனுப்ப வழிசெய்வது துணைமின் நிலையத்தாரின் பொறுப்பு.