ஜாவா மேலாண்மை நீட்சிகள்

ஜாவா மேலாண்மை நீட்சிகள் (சுருக்கமாக ஜேஎம்எக்ஸ்) என்பது, ஜாவா மொழியில் எழுதப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செயலியின் உட்பகுதிகளை வெளியிலிருந்து கண்காணிக்கவும், செயலியை நிறுத்தாமலேயே அதன் அமைப்புகளை மாற்றவும் வழிசெய்யும் தொழில்நுட்பம் ஆகும். செயலியின் எப்பகுதி நிருவகிக்கப்பட வேண்டுமோ அப்பகுதி எம்பீன் எனப்படும் பொருளாகப் பதிவு செய்யப்படுகிறது. நிருவாகி தம் கணினியில் உள்ள ஒரு மேலாண்மைக் கருவியின் வழியாக அந்த எம்பீனின் மதிப்புகளைப் படிக்கலாம், மாற்றலாம், அதன் செயற்பாடுகளை இயக்கலாம். 2004 ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 5 பதிப்பு முதல் இது ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பில் ஒரு பகுதியாக உள்ளது.

பல கட்டகங்களை இணைத்து உருவாக்கப்படும் பெரிய செயலிகளில் ஒவ்வொரு கட்டகமும் தன் சேவைகளை மேலாண்மைக்காக வெளிப்படுத்த இத்தொழில்நுட்பம் பயன்படுகிறது. எதை வெளிப்படுத்துவது, யாருக்கு வெளிப்படுத்துவது என்னும் இரு முடிவுகள் இதில் முதன்மையானவை. இரண்டாவது முடிவைக் கவனியாமல் விட்டதால் பல வழங்கிகள் ஊடுருவலுக்கு உள்ளாகியுள்ளன.

தேவை

ஒரு வழங்கியில் மாதக்கணக்கில் இடைவிடாது இயங்கும் செயலியைக் கருதுக. அதில் தரவுத்தள இணைப்புகளைக் கையாளும் கட்டகம் ஒன்று உள்ளது. ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை திறக்கலாம் என்று அதற்கு வரம்பு இடப்பட்டுள்ளது. பயனர் கூட்டம் திடீரெனப் பெருகும்போது 20 இணைப்புகளும் நிரம்பிவிட, பிற வேண்டுகோள்கள் காத்து நிற்கின்றன. வரம்பை 40 ஆக உயர்த்தினால் சிக்கல் தீரும். ஆனால் அந்த எண் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்து, செயலி தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படுமாயின், செயலியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். அவ்வாறு நிறுத்துகையில் நடந்துகொண்டிருக்கும் பணிகள் அறுபடும்.

இதைவிடக் கடினமான மற்றொரு நிலையும் உண்டு. செயலி மெதுவாக இயங்குகிறது, காரணம் தெரியவில்லை. நினைவகம் நிரம்பியதா, இழைகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றனவா, இணைப்புகள் தீர்ந்தனவா என்பதை இயங்கும் செயலியிடமே கேட்டறிய வேண்டும். நிறுத்தித் தொடங்கினால் சான்றுகள் அழிந்துவிடும். இவ்விரு தேவைகளுக்கும் பொதுவான ஒரு வழியை வகுப்பதே ஜேஎம்எக்ஸின் நோக்கம்.

வரலாறு

வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து நிருவகிக்க எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை 1980களின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. ஜாவா செயலிகளுக்கு ஒத்த ஏற்பாடு ஒன்றை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்க முனைந்தது. ஜாவா சமூகச் செயல்முறையின்கீழ் ஜேஎஸ்ஆர் 3 என்னும் எண்ணுடன் இதன் விவரக்கூற்று வரையப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தொலைவிலிருந்து இணைவதற்கான விதிகள் ஜேஎஸ்ஆர் 160 என்னும் தனி விவரக்கூற்றாக 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அடுத்த ஆண்டு வெளியான ஜாவா 5 இவ்விரண்டையும் உள்ளடக்கியதோடு, ஜேகன்சோல் என்னும் வரைகலைக் கருவியையும் உடன் வழங்கியது.

ஜேபாஸ் பயன்பாட்டு வழங்கியின் 3, 4 ஆகிய பதிப்புகள் தம் நுண்கருவையே ஜேஎம்எக்ஸின்மீது அமைத்திருந்தன. ஸ்பிரிங் சட்டகம் 2005 ஆம் ஆண்டின் 1.2 பதிப்பிலிருந்து சாதாரண ஜாவா பொருள்களையும் எளிதில் எம்பீன்களாக வெளிப்படுத்தும் வசதியை அளித்தது. ஜேஎம்எக்ஸ் 2 என்னும் அடுத்த பதிப்பு திட்டமிடப்பட்டதாயினும், 2011 ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 7 இல் அது சேர்க்கப்படவில்லை.

கட்டமைப்பு

ஜேஎம்எக்ஸ் மூன்று அடுக்குகளைக் கொண்டது.

1. கருவியாக்க அடுக்கு: நிருவகிக்கப்படும் வளங்கள் எம்பீன்களாக எழுதப்படும் அடுக்கு. ஒவ்வோர் எம்பீனுக்கும் பண்புக்கூறுகள் (படிக்கவோ மாற்றவோ கூடிய மதிப்புகள்), செயற்பாடுகள் (இயக்கக்கூடிய செயல்கள்), அறிவிப்புகள் (ஒரு நிகழ்வின்போது தானாக அனுப்பப்படும் செய்திகள்) ஆகியவை இருக்கலாம்.

2. முகவர் அடுக்கு: எம்பீன் வழங்கி இவ்வடுக்கின் மையம். எல்லா எம்பீன்களும் இதில் பதிவு செய்யப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் எந்த வேண்டுகோளும் எம்பீனை நேரடியாக அடைவதில்லை. எம்பீன் வழங்கியின் வழியாகவே செல்கிறது.

3. தொலைமேலாண்மை அடுக்கு: இணைப்பிகளும் பொருத்திகளும் இதில் அடங்கும். இணைப்பி, தொலைவில் உள்ள ஜாவா நிரலுக்கு எம்பீன் வழங்கி தன் கணினியிலேயே இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. பொருத்தி, எச்டிடிபி போன்ற வேறொரு நெறிமுறைக்கு ஏற்ப அதனை மாற்றித் தருகிறது.

ஜாவா மெய்நிகர் இயந்திரமும் தன்னைப்பற்றிய எம்பீன்களைத் தானே பதிவு செய்கிறது. நினைவகப் பயன்பாடு, இழைகள், குப்பை சேகரிப்பு, ஏற்றப்பட்ட வகுப்புகள் முதலியவற்றை நிரலாளர் ஒரு வரியும் எழுதாமலேயே காணலாம். ஒன்றையொன்று தடுத்து முட்டுக்கட்டையில் நிற்கும் இழைகளைக் கண்டறியும் செயற்பாடும் இவற்றுள் உண்டு.

பெயரிடல்

ஒவ்வோர் எம்பீனுக்கும் தனித்த பெயர் வேண்டும். பெயர் இரு பகுதிகளைக் கொண்டது: முக்காற்புள்ளிக்கு முன் வருவது களப்பெயர், பின் வருவன சாவி, மதிப்பு இணைகள். மெய்நிகர் இயந்திரத்தின் நினைவக எம்பீனுடைய பெயரைத் தமிழ் எழுத்தில் ‘ஜாவா.லாங்:டைப்=மெமரி’ என எழுதலாம். களப்பெயருக்கு நிறுவனத்தின் அல்லது கட்டகத்தின் பெயரை இடுவது வழக்கம். இதனால் வெவ்வேறு குழுக்கள் எழுதிய கட்டகங்கள் ஒரே எம்பீன் வழங்கியில் மோதலின்றி இருக்க முடிகிறது.

எம்பீன் வகைகள்

* நிலையான எம்பீன்: ஒரு ஜாவா இடைமுகத்தால் வரையறுக்கப்படுவது, எழுதுவதற்கு எளியது.
* இயங்குநிலை எம்பீன்: தன் பண்புக்கூறுகளை இயங்கும் நேரத்தில் அறிவிப்பது.
* திறந்த எம்பீன்: எண், எழுத்துச்சரம், அட்டவணை போன்ற பொதுவான தரவு வகைகளை மட்டும் பயன்படுத்துவது.
* மாதிரி எம்பீன்: ஏற்கெனவே உள்ள பொருளைச் சுற்றி அமைக்கப்படுவது.
* எம்எக்ஸ்பீன்: நிலையான எம்பீனின் எளிமையையும் திறந்த எம்பீனின் பொதுமையையும் இணைப்பது. ஜாவா 6 முதல் நிரலாளர்கள் தாமே எழுதலாம்.

புதிதாக எழுதுவோருக்குப் பெரும்பாலும் எம்எக்ஸ்பீன் பொருத்தமானது. நிலையான எம்பீன் தன் கட்டகத்துக்கே உரிய வகுப்பு ஒன்றை விடையாக அனுப்பினால், அவ்வகுப்பு மேலாண்மைக் கருவியிடமும் இருந்தாக வேண்டும். இல்லையெனில் பிழை தோன்றும். எம்எக்ஸ்பீனில் இச்சிக்கல் எழுவதில்லை.

கட்டகச் செயலிகளில் சேவைகளை வெளிப்படுத்தல்

ஓஎஸ்ஜிஐ என்பது ஜாவாவுக்கான கட்டக முறைமை. இதில் பண்டில் எனப்படும் கட்டகங்களைச் செயலி இயங்கும்போதே நிறுவலாம், தொடங்கலாம், நிறுத்தலாம், புதுப்பிக்கலாம். கட்டகங்கள் தம் சேவைகளை ஒரு பொதுப்பதிவேட்டில் பதிவு செய்கின்றன; பிற கட்டகங்கள் அவற்றை அங்கிருந்து பெறுகின்றன. எக்லிப்சு 2004 ஆம் ஆண்டின் 3.0 பதிப்பு முதல் இம்முறைமையின்மீதே அமைந்துள்ளது.

இத்தகைய செயலியில் சேவைகள் வரும், போகும். அவற்றுக்குரிய எம்பீன்களும் உடன் வந்து உடன் போக வேண்டும். கட்டகம் தொடங்கும்போது எம்பீனைப் பதிவு செய்துவிட்டு, நிறுத்தப்படும்போது நீக்க மறந்தால் இரு கேடுகள் விளையும். முதலாவது, கட்டகத்தை மீண்டும் தொடங்கும்போது அதே பெயர் ஏற்கெனவே உள்ளது என்னும் பிழை எழும். இரண்டாவது, எளிதில் கண்ணில் படாதது. எம்பீன் வழங்கி பழைய பொருளைப் பற்றிக்கொண்டிருப்பதால் அப்பொருளும், அதன் வகுப்பும், அவ்வகுப்பை ஏற்றிய வகுப்பேற்றியும், அதன்வழி பழைய கட்டகத்தின் எல்லா வகுப்புகளும் நினைவகத்திலிருந்து நீங்குவதில்லை. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் ஒரு பழைய படி தங்கிவிட, இறுதியில் நினைவகம் தீர்ந்து செயலி வீழும்.

இதனைத் தவிர்க்க வெண்பலகை முறை என்னும் வடிவமைப்பு பயன்படுகிறது. கட்டகம் எம்பீன் வழங்கியை நாடுவதே இல்லை; தன் மேலாண்மைப் பொருளை எம்பீன் பெயருடன் ஒரு சாதாரணச் சேவையாகப் பதிவேட்டில் இடுகிறது. வேறொரு கட்டகம் பதிவேட்டைக் கவனித்துக்கொண்டிருந்து, அத்தகைய சேவை தோன்றும்போது எம்பீன் வழங்கியில் பதிவு செய்து, மறையும்போது நீக்கிவிடுகிறது. கட்டகம் நிறுத்தப்பட்டால் அதன் சேவைகளை ஓஎஸ்ஜிஐ தானே விலக்கிக்கொள்வதால், நீக்க மறத்தல் என்னும் நிலையே எழுவதில்லை. அப்பாச்சி ஏரீசு திட்டம் இம்முறையை நடைமுறைப்படுத்தியுள்ளது.

கட்டக முறைமையையே நிருவகிப்பதற்கான எம்பீன்கள் 2010 ஆம் ஆண்டின் ஓஎஸ்ஜிஐ நிறுவனப் பதிப்பு விவரக்கூற்றில் வரையறுக்கப்பட்டன. கட்டகங்களின் நிலை, சேவைகளின் நிலை, பொதிகளின் நிலை ஆகியவற்றைக் காட்டும் எம்பீன்களும், கட்டகங்களை நிறுவவும் நீக்கவும் உதவும் சட்டக எம்பீனும் இவற்றுள் அடங்கும். புதிய கட்டகத்தை நிறுவுதல் என்பது புதிய நிரலை வழங்கியில் ஓடவிடுதலே ஆகும். ஆகவே இந்த எம்பீனை அணுகும் உரிமை பெற்றவர் அச்செயலி செய்யக்கூடிய எதனையும் செய்யும் ஆற்றல் பெற்றவர் ஆகிறார்.

தொலைவிலிருந்து இணைதல்

ஒரே கணினியில் ஒரே பயனரின் பெயரில் இயங்கும் செயலியுடன் ஜேகன்சோல் எவ்விதத் தனி அமைப்பும் இன்றி இணையும் (ஜாவா 6 முதல்). தொலைவிலிருந்து இணைய, செயலியைத் தொடங்கும்போது ஒரு போர்ட் எண்ணைக் குறிப்பிட வேண்டும். இயல்பான இணைப்பி ஆர்எம்ஐ நெறிமுறையைப் பயன்படுத்துகிறது.

இங்குப் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவதுண்டு. ஆர்எம்ஐ இணைப்பு இரு படிகளில் நிகழ்கிறது. குறிப்பிட்ட போர்ட்டில் உள்ள பதிவேட்டிடம் கருவி முதலில் பேசுகிறது. அது மெய்யான இணைப்பு இருக்கும் மற்றொரு முகவரியையும் போர்ட்டையும் தருகிறது. இரண்டாவது போர்ட்டைக் குறிப்பிடாவிட்டால் அது ஒவ்வொரு முறையும் தற்போக்கில் தெரிவு செய்யப்படும். எனவே முதல் போர்ட்டைத் தீச்சுவரில் திறந்திருந்தும் இணைப்பு கிட்டாது. 2012 ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 7 இன் நான்காம் இற்றை முதல் இரண்டாவது போர்ட்டையும் நிலையாகக் குறிக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண்ணையே தரலாம். வழங்கிக்கு அகமுகவரி, புறமுகவரி என இரண்டு இருப்பின், வெளியே அறிவிக்கவேண்டிய பெயரையும் தனியே குறிப்பிட வேண்டும்.

பாதுகாப்பு

தொலைவிணைப்புப் போர்ட்டைக் குறிப்பிட்டவுடன் கடவுச்சொல் சரிபார்ப்பும் மறையாக்கமும் ஜாவாவில் இயல்பாகவே செயற்படுத்தப்படுகின்றன. எனினும் இவற்றுக்குக் கடவுச்சொல் கோப்பும் சான்றிதழும் ஆயத்தம் செய்ய வேண்டியிருப்பதால், இரண்டையும் அணைத்துவிட்டு இணைக்கும் வழக்கம் பரவலாயிற்று. சோதனைக்காக அணைக்கப்பட்டவை அப்படியே பயன்பாட்டுக்கும் சென்றுவிடுவது உண்டு.

சரிபார்ப்பு இல்லாத இணைப்பு, மதிப்புகளைப் பிறர் பார்த்துவிடுவர் என்னும் அளவில் நிற்பதில்லை. எம்லெட் எனப்பட்ட வசதி, ஒரு வலை முகவரியிலிருந்து எம்பீன்களைத் தரவிறக்கிப் பதிவு செய்ய இடமளித்தது. போர்ட்டை அடையக்கூடிய எவரும் தம் நிரலை வழங்கியில் ஓட்ட இது வழியாயிற்று. 2024 ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 23 இல் இவ்வசதி நீக்கப்பட்டது. பழைய பதிப்புகளில் அது தொடர்ந்து உள்ளது.

நிகழ்ந்த சில குறைபாடுகள்:

* 2010: ஜேபாஸின் ஜேஎம்எக்ஸ் வலைப்பக்கத்தில் கெட், போஸ்ட் ஆகிய இருவகை வேண்டுகோள்களுக்கு மட்டுமே கடவுச்சொல் கேட்கப்பட்டது. வேறுவகை வேண்டுகோளை அனுப்பி உள்நுழைய முடிந்தது. திருத்தம் வெளியான பின்னரும் அதனை நிறுவாத வழங்கிகளை 2011 ஆம் ஆண்டில் ஒரு கணினிப்புழு தாக்கியது.
* 2015: கசாண்ட்ரா தரவுத்தளம் சரிபார்ப்பற்ற ஜேஎம்எக்ஸ் இணைப்பை எல்லா வலையமைப்பு இடைமுகங்களிலும் திறந்து வைத்திருந்தது கண்டறியப்பட்டது. பின்னர் அதே கணினியிலிருந்து மட்டும் இணையுமாறு இயல்பமைப்பு மாற்றப்பட்டது.
* 2019: அப்பாச்சி சோலாரின் 8.1.1, 8.2.0 பதிப்புகளின் லினக்சு அமைப்புக் கோப்பில் 18983 ஆம் போர்ட் சரிபார்ப்பின்றித் திறந்திருந்தது.

மூன்றிலும் ஜேஎம்எக்ஸ் தன் பணியைச் சரியாகவே செய்தது. வாயிலில் காவல் இல்லாததே குறை.

பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்

* இயன்றவரை இணைப்பை அதே கணினிக்குள் வரையறுத்து, தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கவழி மூலம் அணுகுதல்.
* கடவுச்சொல் சரிபார்ப்பையும் மறையாக்கத்தையும் அணைக்காதிருத்தல்.
* பார்ப்பவர், மாற்றுபவர் என இரு பாத்திரங்களைப் பிரித்தல். கண்காணிப்புக் கருவிகளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் அளித்தல்.
* கடவுச்சொற்கள், தனியாள் தரவுகள் ஆகியவற்றைப் பண்புக்கூறுகளாக வெளிப்படுத்தாதிருத்தல்.
* மாற்றக்கூடிய மதிப்புகளுக்கு எல்லை வகுத்தல். இணைப்பு வரம்பு 0 ஆகவோ எதிர்ம எண்ணாகவோ வந்தால் எம்பீன் அதனை மறுக்க வேண்டும்.
* மாற்றியவர் யார், எப்போது என்பதைக் குறிப்பேட்டில் பதிதல். எம்பீன் வழி செய்த மாற்றம் பொதுவாக நினைவகத்தில் மட்டுமே நிற்பதால், நிலையாக வேண்டுமெனில் அமைப்புக் கோப்பிலும் எழுதுதல்.

மாற்று வழிகள்

ஆர்எம்ஐயின் சிக்கல்களைத் தவிர்க்க, ஜோலோகியா என்னும் திறமூல மென்பொருள் எம்பீன்களை எச்டிடிபி வழியாக ஜேசன் வடிவில் அளிக்கிறது. புரொமீத்தியசு கண்காணிப்பு முறைமைக்கு எம்பீன் மதிப்புகளை ஏற்றுமதி செய்யும் முகவரும் உண்டு. ஸ்பிரிங் பூட் 2019 ஆம் ஆண்டின் 2.2 பதிப்பு முதல் ஜேஎம்எக்ஸ் வெளிப்படுத்தலை இயல்பாக அணைத்து வைத்துள்ளது, தேவைப்படுவோர் இயக்கிக்கொள்ளலாம். எனினும் கசாண்ட்ரா, காஃப்கா போன்ற முறைமைகளில் ஜேஎம்எக்ஸ் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. எவ்வழியைத் தெரிந்தாலும், எதை, யாருக்கு வெளிப்படுத்துவது என்னும் முடிவு நிரலாளருக்கும் நிருவாகிக்கும் உரியதாகவே இருக்கும்.

இவற்றையும் பார்க்க

* ஜாவா மெய்நிகர் இயந்திரம்
* ஓஎஸ்ஜிஐ
* எஸ்என்எம்பி
* தீச்சுவர்