அஞ்சலோட்டமும் மீநெடு ஓட்டப் பயிற்சியும்

மாரத்தான் ஓட்டத்தின் எல்லை 42.195 கிலோமீட்டர் ஆகும். அவ்வெல்லையைக் கடந்து ஓடப்பெறும் ஓட்டங்கள் அனைத்தும் அல்ட்ரா மாரத்தான் என்னும் பெயரால் இன்று வழங்குகின்றன. 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் எனத் தொலைவால் வரையறுக்கப்படுவனவும், 12 மணி, 24 மணி எனக் காலத்தால் வரையறுக்கப்படுவனவும் என அவை இருதிறப்படும். இக்கட்டுரையில் அவற்றை மீநெடு ஓட்டம் என்றே சுட்டுவோம். இவ்வோட்டத்தைப் பயில்வோரிடையே ஒரு கருத்து உலவுகின்றது. பண்டைத் தபால் ஓட்டக்காரர்களே நம் நாட்டு முதல் மீநெடு ஓட்டக்காரர்கள் என்பது அது. கேட்கச் செவிக்கு இனிய கருத்துத்தான். ஆயின், செவிக்கு இனியன எல்லாம் வரலாறு ஆகிவிடா.

யாம் இதனை ஆராயப் புகுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம் ஆயிற்று. நெய்வேலி நகரியத்திலிருந்து எம்பால் முதுகலை பயில வந்த மாணவர் ஒருவர், தபால்காரர்கள் நாள்தோறும் அறுபது கிலோமீட்டர் தனித்து ஓடினர் என ஒரு சிறு வெளியீட்டில் படித்திருக்கின்றார். நகரியத்துச் சாலைகளில் வாரத்திற்கு மூன்று நாள் காலையில் சிறிது தொலைவு ஓடுவதன்றி வேறு பயிற்சி அவர்க்கு இல்லை. சித்திரைத் திங்களில் ஒருநாள், வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்திற்கு ஓடியே வருவதெனப் புறப்பட்டுவிட்டார். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வழி அது. சேத்தியாத்தோப்பை அணுகுமுன்னரே வாந்தியும் மயக்கமும் வந்து ஒரு புளியமரத்தடியில் விழுந்தார். அவ்வழிச் சென்ற உழவர் ஒருவர் உப்பிட்ட நீராகாரம் தந்து பேருந்தில் ஏற்றி அனுப்பினார். "ஏனப்பா இவ்வாறு செய்தாய்?" என யாம் வினவியபோது, "பழைய தபால்காரர்கள் ஓடியிருக்கிறார்களே, ஐயா" என்பதே அவர் தந்த விடை. அதற்குத் தக்க மறுமொழி அன்று எம்மிடம் இல்லை.

மறுமொழியைச் சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவது பொருந்தும். 'அஞ்சல்' என்னும் சொல்லுக்குத் தபால் என்னும் பொருளோடு, பல்லக்குச் சுமப்போரும் ஓலை கொண்டு செல்வோரும் வழியில் ஆள் மாறும் நிலை என்னும் பொருளையும் பழைய அகராதிகள் தருகின்றன. இவ்விரண்டாம் பொருள் தமிழகத்து வழக்கில் மங்கிவிட்டது. ஈழத்திலோ அது இன்றும் உயிரோடு உளது. அங்குப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில், நால்வர் ஒருவர்பின் ஒருவராகக் கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்தினை அஞ்சலோட்டம் என்றே கூறுவர். நாம் அதனைத் தொடரோட்டம் என்கின்றோம். ஆகவே, அஞ்சல் என்னும் சொல்லின் உள்ளேயே கைமாற்றுதல் என்னும் கருத்து அடங்கியுள்ளது. ஒருவனே முழுவழியும் ஓடுதல் என்பதற்கு அச்சொல் இடம் தரவில்லை.

சொல் கூறும் இவ்வுண்மையை நூற்சான்றும் வலியுறுத்துகின்றது. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்து, மதுரைச் சுல்தானின் அரசவையிலும் சிலகாலம் தங்கிய இபின் பதூதா, தில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக்கின் அஞ்சல் முறையை விரிவாக வரைந்துள்ளார். குதிரை அஞ்சல், கால் அஞ்சல் என அது இருவகையாக இருந்தது. கால் அஞ்சலில் ஒரு மைலுக்கு மூன்று நிலைகள். ஓடுபவன் ஒரு கையில் கடிதத்தையும் மறுகையில் தலைப்பில் செப்பு மணிகள் கட்டிய கோலையும் கொண்டு விரைவான். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையினன் ஆயத்தமாய் நிற்பான். இக்கால் அஞ்சல் குதிரை அஞ்சலினும் விரைவுடையது என்று அவர் எழுதுகின்றார். வியப்பொன்றும் இல்லை. மைலில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 500 மீட்டர்; அத்துணைச் சிறுதொலைவை எவனும் முழுவிரைவில் ஓடலாம். அஃது உண்மையில் குறுந்தொலைவு ஓட்டம். அத்தகைய பல ஓட்டங்கள் கோத்த மாலையே அவ்வஞ்சல்.

தென்னாட்டில் நிலை சிறிது வேறு. மைசூரில் சிக்கதேவராயர் 1672இல் அமைத்த அஞ்சலும், திருவிதாங்கூர் அரசின் அஞ்சலும் இங்குக் கருதத்தக்கன. திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரனும் மணி கட்டிய கோலை ஏந்தியே ஓடினான். இபின் பதூதா கண்ட கோலும் இக்கோலும் ஒரே மரபின எனக் கருத இடமுண்டு. அவ்வஞ்சல் 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அதன் வழிகளுள் ஒரு பகுதி, 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்தது. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் அதே திங்கள் 14ஆம் நாளில்தான்.) சென்னையிலோ கும்பினியார் 1786 ஜூன் 1இல் தலைமை அஞ்சலகத்தைத் திறந்தனர். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர், ஓட்டக்காரர்கள் படிப்படியாகக் கிளைவழிகளுக்கும் மலைவழிகளுக்கும் ஒதுக்கப்பட்டனர். 1937இல் வெளியான இரண்டணா அஞ்சல்தலையில் கோலும் பையுமாக ஓடும் அவன் உருவம் பொறிக்கப்பெற்றது. உருவம் எஞ்சியது, அவர்களுள் மிகப்பெரும்பாலோர் பெயர் எஞ்சவில்லை.

இவ்வஞ்சல்களில் ஒருவனுக்குரிய வழி துக்ளக் காலத்தினும் நீண்டது; எனினும், பெரும்பாலும் பத்துக் கல்லுக்கு உட்பட்டதே. எட்டுக் கல் எனக் கொண்டு கணக்கிடுவோம். இன்று உலகப் புகழ்பெற்ற மீநெடு ஓட்டமாகிய தென்னாப்பிரிக்கக் காம்ரேட்சு ஓட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அத்தொலைவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்க்க எழுவர் தேவை. துக்ளக் முறையில், அவர்தம் மைலும் நம் மைலும் ஒன்றெனக் கொள்ளின், 168 பேர் தேவை. நெடுந்தொலைவை ஓடியது கடிதமேயன்றி மனிதன் அல்லன்.

இம்முடிவு கண்டு தபால்காரனின் பெருமை குறைந்துவிட்டதெனச் சிலர் வருந்தக்கூடும். யாம் அவ்வாறு கருதவில்லை. ஒருநாள் கணக்கை விடுத்து ஒரு வாரக் கணக்கை நோக்குக. இன்று எட்டுக் கல் போக்கு, நாளை எட்டுக் கல் வரவு என வாரத்தில் ஆறு நாள் ஓடினான் எனின், கூட்டுத்தொகை 48 கல். அஃதாவது 77 கிலோமீட்டர். மீநெடு ஓட்டத்திற்குப் பயில்வோர் பலர் இன்று ஒரு வாரத்தில் ஓடும் தொலைவு ஏறத்தாழ இதுவே. அவன் இதனை மழையிலும் வெயிலிலும், தோளில் சுமையோடு, பரிசுக்காக அன்றிச் சிறு கூலிக்காக, ஆண்டுக்கணக்கில் ஓடினான். எம் மாணவர் அவனுடைய ஒருநாளைப் பெரிதாக்கிக் கண்டார். காணவேண்டியது அவனுடைய ஆண்டினை.

காம்ரேட்சு ஓட்டத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1921 மே 24இல் முதன்முறை அது நடந்தபோது புறப்பட்டவர் 34 பேர். முடித்தவர் 16 பேர். அடுத்த ஆண்டு வென்றவர் ஆர்தர் நியூட்டன் என்னும் உழவர். அப்போது அவர் அகவை 39. பின்னர் 1923, 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். விரைவை நாடாது, மெதுவாக, நெடுந்தொலைவு, நாள்தோறும் ஓடுதல் என்பதே அவர் கண்ட பயிற்சி முறை. தம் நிலத்தருகே கறுப்பின மக்களை அரசு குடியேற்றியதென்னும் மனக்குறையை ஊரறியச் செய்யவே அவர் ஓடத் தொடங்கினார். அக்குறையின்பால் எமக்கு இரக்கம் இல்லை. அவர் பயிற்சி முறையின்பால் மதிப்பு உண்டு.

அவ்வோட்டம் நடைபெறும் தர்பன், பீட்டர்மாரிட்சுபர்க்கு ஆகிய நகரங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. 1860 நவம்பர் 16இல் 'டுரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய துறை தர்பன். அவர்தம் வழித்தோன்றல்கள் தம் வாயிலில் நடந்த ஓட்டத்தில் 1975 வரை முறையாகக் கலந்துகொள்ள இயலவில்லை. வெள்ளை ஆடவர்க்கு மட்டுமே அஃது உரியதாயிருந்தது. ஆயினும், அந்நாட்டில் தமிழர் கால்கள் அளந்த தொலைவு சிறிதன்று. 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விடுத்துக் காந்தியடிகளோடு நடந்தனர். அவருள் தமிழர் மிகப்பலர். எல்லையூராகிய சார்லசுடவுனுக்கு 36 கல். அதனை இரண்டு நாளில் கடந்தனர். நாளுணவு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் சிறிது சருக்கரையுமே. நவம்பர் 6இல் எல்லையைக் கடந்தோர் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 சிறார். நாளொன்றுக்கு 20 முதல் 24 கல் நடப்பதே திட்டம். தபால்காரன் வழியை ஆட்களிடையே பகுத்தான். இச்சுரங்கத் தொழிலாளர் நாட்களிடையே பகுத்தனர். பகுக்காமல் நெடுவழி கடந்தார் இலர்.

இனி நெய்வேலிக்கு மீள்வோம். மேற்கூறிய மாணவர் தம் பிழையை உணர்ந்து மீண்டும் பயிற்சி தொடங்கினார். அவர் வேண்டுகோளின்படி யாமும் ஒருநாள் விடியலில் சென்று கண்டோம். வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட நகரியம் ஆதலின், நிழல்மரச் சாலைகளைச் சுற்றிச் சுற்றி ஓடலாம்; ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு வாயிலைக் கடப்பதால் நீரைச் சுமக்கவேண்டியதில்லை. இரவு ஷிப்டு முடித்து மிதிவண்டியில் திரும்புவோர் அவரை வியப்போடு நோக்கிச் சென்றனர். ஒரே நாளில் நாற்பது ஓடாமல், சனிக்கிழமை 25, ஞாயிற்றுக்கிழமை 20 எனப் பகுத்து, முதல்நாள் களைப்பின்மேல் மறுநாள் ஓடுகின்றார். பயிற்சியாளரும் இம்முறையையே பரிந்துரைப்பர். வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும் என்பதனால், கோடையின் தொடக்கத்தில் தொலைவைக் குறைத்துக்கொண்டார். வெறும் நீரையே மிகுதியாகப் பருகினால் குருதியில் உப்பின் செறிவு குறைந்து உயிர்க்கு இடர் விளையும் என்பதனை, காம்ரேட்சு ஓட்டக்காரர் சிலரை ஆராய்ந்து 1985இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். சேத்தியாத்தோப்பு உழவர் அக்கட்டுரையைப் படித்திருக்கமாட்டார். அவர் தந்த நீராகாரத்தில் உப்பு இருந்தது.

எம் கருத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. அவர் கிலோமீட்டரை எண்ணுவதை விட்டு மணியை எண்ணுகின்றார். இன்று மூன்று மணி, நாளை இரண்டரை மணி என்று. தமிழில் 'நாழிகைவழி' என்றொரு சொல் உண்டு. ஒரு நாழிகையாகிய 24 நிமிடத்தில் நடந்து கடக்கும் தொலைவு என்பது அதன் பொருள். வழியைக் காலத்தால் அளந்த அச்சொல்லை யாம் எடுத்துக் கூறியபோது அவர் சிறிது நேரம் மனக்கணக்குப் போட்டார். "அப்படியானால் இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது, ஐயா" என்று கூறிவிட்டு, அடுத்த சுற்றுக்குப் புறப்பட்டார்.