ஆயக்கட்டு இல்லாத ஏரி: கோடைக்கானலில் படகும் மலைநடையும் பொழுதுபோக்கான வரலாறு

பழைய மதுரை மாவட்டத்தில் ஏரி என்றால் அதற்கு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உண்டு. கண்மாய், மடை, கலிங்கு, மடை திறக்க ஒரு நீர்ப்பாய்ச்சி, தண்ணீர் பாயும் வயல், வயலுக்குரிய பங்கு என்று ஏரியைச் சுற்றி ஒரு வாழ்க்கையே இருந்தது. பாசனத்துக்கு இல்லாத நீர்நிலை என்றால் அது சாமிக்கானது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தை மாதம் மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். கரையில் நின்று வடம் பிடிப்பது சனங்களின் வேலை. மனிதர்கள் காற்று வாங்கப் படகேறிச் சுற்றுவதற்கென்றே ஒரு ஏரி கட்டுவது அந்த மாவட்டம் அறியாத எண்ணம். அந்த ஏரியை 1863இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் கோடைக்கானலில் கட்டினார்.

ஏரி அழகானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் ஏரிக்கு முன்பே பாதை இருந்தது. அந்தப் பாதை சுமைக்காகப் போடப்பட்டது. இன்று நாம் உல்லாசம் என்று காசு கொடுத்துச் செய்யும் மலைநடை, நூறாண்டுகளுக்கு முன் கூலிக்குச் செய்யப்பட்ட வேலை. வேலை எப்படி விளையாட்டானது, எப்போது ஆனது என்பதே இக்கட்டுரை தேடும் செய்தி.

பழனி மலைத்தொடரை ஆங்கில அரசுக்காக முதலில் அளந்தவர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு. 1821இல் அவர் மேலேறிய வழியில் வெள்ளகவி இருக்கிறது. அளவைக்காரர்கள் வருவதற்கு முன்பே மக்கள் வாழ்ந்த ஊர் அது. பளியரும் புலையரும் அதற்கும் முன்னிருந்தே அந்தக் காட்டை அறிந்தவர்கள். மலையில் ஆங்காங்கே காணப்படும் கல்திட்டைகள் மனித வாசத்தைப் பெருங்கற்காலம் வரை பின்னுக்குக் கொண்டுபோகின்றன. ஆகவே கோடைக்கானலை வார்டு 'கண்டுபிடித்தார்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவது பொருந்தாது. ஊர்க்காரர்களின் ஒற்றையடிப் பாதையை அரசு தன் வரைபடத்தில் ஏற்றிக்கொண்டது என்பதே சரி.

வார்டுக்குப் பின் 1834இல் மதுரை சப் கலெக்டர் ராட்டனும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிவந்து செண்பகனூரில் சிறு பங்களா கட்டினார்கள். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைக் குறித்துச் சென்றார். ஆனால் ஊர் என்று ஒன்று உருவானது அமெரிக்க மதுரை மிஷனால்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரைக்கு வந்தவர்கள் அவர்கள். சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கோடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். உயிர் பிழைக்க வந்த இடம் இது. உல்லாசம் பிறகு வந்தது.

லெவிஞ்சின் பங்கு இந்தக் கட்டத்தில் தொடங்குகிறது. ஓடைகள் வந்து தேங்கும் சதுப்புப் பள்ளம் ஒன்று ஊர் நடுவே இருந்தது. அதன் வாயில் கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தினார். பள்ளத்தின் மடிப்புகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்ததால் ஏரி நட்சத்திரம் போலக் கைவிரித்துக்கொண்டது. பரப்பு சுமார் 60 ஏக்கர், சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மீன்குஞ்சு விட்டார். 1867இல் ஓய்வுபெற்றதும் அங்கேயே வீடு கட்டித் தங்கி, 1885இல் இறக்கும்வரை ஊரை வளர்ப்பதிலேயே இருந்தார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே என்று ஊர் வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன.

அந்தப் படகைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை வண்டியில் வந்திருக்கும். அதற்கு மேல்? வண்டிச்சாலை கிடையாது. குதிரையும் ஆளும் ஏறும் செங்குத்தான தடம்தான். ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒரு மரப்படகை வேறு எதுவும் ஏற்றியிருக்க முடியாது, மனிதத் தோள்தான் ஏற்றியிருக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்பதற்கு நான் பார்த்த எழுத்துகளில் ஒரு வரிகூட இல்லை. ஏரியில் முதன்முதலாக மிதந்த அந்தப் படகு, அதற்கு முன் மனிதர்களின் தோளில் மிதந்து வந்தது.

படகு மட்டுமல்ல, பயணிகளும் அப்படித்தான் வந்தார்கள். 1875இல் சென்னையிலிருந்து தெற்கே ரயில்பாதை வந்ததும் அம்மையநாயக்கனூரில் இறங்க வழி கிடைத்தது. கோடைக்கானல் ரோடு என்று பலகை தாங்கி நிற்கும் ரயில் நிலையம் அதுவே. அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவெல்லாம் குலுங்கிப் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். பிறகு சுமார் 12 மைல் ஏற்றம். இளைஞர்கள் மட்டக்குதிரையில் ஏறுவார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியில் அமர்வார்கள். நாற்காலியின் இருபுறமும் மூங்கில் கழிகள் கட்டியிருக்கும். முன்னும் பின்னும் ஆட்கள் தோள் கொடுக்க, மாற்றாட்கள் கூடவே நடப்பார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், சில நேரம் பியானோகூடத் தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவும் வரும். பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். சுமப்பவரை வைத்தே பெயர் நின்ற பாதை அது. பெயர் மரியாதைக்காக வைத்ததல்ல, ஆனாலும் அந்த ஒரு சொல்தான் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி. சமவெளிச் சாலையோரத்தில் சுமை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்த மரபு நம்முடையது. கோடைக்கானலில் லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சுமந்தவர்களுக்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

பாதையை உல்லாசத்துக்கென்றே வெட்டும் வழக்கம் 1872இல் தொடங்குகிறது. லெப்டினன்ட் கோக்கர் மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை அமைத்தார். அது எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்கவில்லை. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வரலாம், நடுவில் வைகைச் சமவெளியைப் பார்க்கலாம், அவ்வளவுதான். போய்ச்சேர இடமில்லாத பாதை என்ற வகையில் கோக்கர்ஸ் வாக், ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு உடன்பிறப்பு. இரண்டும் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை. தமிழ்நாட்டுச் சுற்றுலா வரலாற்றில் இந்த ஒன்பது ஆண்டு இடைவெளி, 1863 முதல் 1872 வரை, உரிய கவனம் பெறவில்லை என்றே நினைக்கிறேன். ஊட்டியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

1890இல் படகு சங்கம் தோன்றியது. ஏரி ஊருக்கு நடுவில் இருந்தாலும் துடுப்பு உறுப்பினர் கையில்தான். உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 1910இல் புதிய படகுத்துறை எழுந்தது. 1932 மே மாதம்தான் பொதுமக்களும் பயணிகளும் காசு கட்டித் தற்காலிக உறுப்பினராகிப் படகேறலாம் என்றானது. ஏரி பிறந்து 69 ஆண்டுகள் கழித்து! இதற்கு இடையில் நடந்த ஒன்றுதான் இந்த மாற்றத்துக்கு அடிப்படை என்று கருதுகிறேன். 1910களின் நடுவில் மோட்டார் வண்டி ஏறக்கூடிய மலைச்சாலை முடிந்தது. சாலையில் பஸ் ஏறியதும் கோடைக்கானல் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது. நாற்காலி தூக்க ஆள் தேவையில்லாமல் போயிற்று. கூலி காட் ஓய்ந்தது.

ஓய்ந்த பாதையில்தான் புதிய வகை நடையாளிகள் இறங்கினார்கள். 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி, இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி, மலைநடையையும் கூடார வாசத்தையும் மாணவர் வாழ்வின் பகுதியாக்கிக்கொண்டது. முதுகில் பையும் அதில் கம்பளியும் அரிசியுமாகப் பிள்ளைகள் தாங்களே சுமந்து நடந்தார்கள். பெற்றோர் காலத்தில் பிறர் சுமந்த சுமை, பிள்ளைகள் காலத்தில் விரும்பி ஏற்ற பயிற்சி. தன் சுமையைத் தானே விரும்பித் தூக்கும்போதுதான் நடை விளையாட்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கூடாரத்தின் கதையும் இதே போக்குத்தான். வார்டின் அளவைக்காரர்களுக்கு அது வேலைக்கான தங்குமிடம். 1860களில் இந்த மலைகளை அரசுக்காக வரைந்த டக்ளஸ் ஹாமில்டனுக்கு அது வேட்டைக்கான இருப்பிடமும் ஆனது. பேரிஜம் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அங்கே ராணுவத்துக்கு ஓய்வுநகர் அமைக்கலாம் என்று எழுதினார். நகர் வரவில்லை, ஃபோர்ட் ஹாமில்டன் என்ற பெயர் மட்டும் தங்கியது. பின்னாளில் அங்கே அமைந்த பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. கோடை ஏரியைப் போலன்றி அதற்கு வேலை இருக்கிறது, அதனாலேயோ என்னவோ அதில் படகு விடுவதில்லை. வனத்துறை அனுமதி பெற்றுப் பகலில் போய்ப் பார்த்துத் திரும்பலாம், இரவு தங்க முடியாது. தண்ணீரில் மலை தலைகீழாக அசையாமல் நிற்பதை நான் பார்த்தது அங்கேதான். கோடை ஏரியில் மிதிபடகுகள் அந்தக் காட்சியை விட்டுவைப்பதில்லை.

பக்கத்து மலைச்சரிவிலும் இதே வரலாறு நடந்தது, துயரமாக முடிந்தது. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிநாயக்கனூருக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த மூணாறு ரயில்பாதையை 1924 பெருவெள்ளம் அழித்தது. சரக்கு வேறு வழி தேடிக்கொண்டது, அந்தச் சரிவிலுள்ள குரங்கணியின் மலைத்தடங்கள் மலையேற்றக்காரர்களுக்கு வந்து சேர்ந்தன. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும், காற்று மேல்நோக்கி அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது சுமைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். நகரத்திலிருந்து வார இறுதிக்கு வந்தவருக்கு அதைச் சொல்லித்தர யாருமில்லை. பாதை கைமாறியது, பாதையைப் பற்றிய அறிவு கைமாறவில்லை.

அதன்பின் அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிய வேண்டும், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார், தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் வனவோரக் கிராமத்து இளைஞர்களையும் எடுத்ததை இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த கூறாகக் கருதுகிறேன். சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் முன்னே நடக்க, மற்றவர்கள் பின்னே போகிறார்கள். அதே ஆண்டு மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு கோடையில் கோடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டப்பட்டது. ஒரு படகை ஏற்ற மனிதர்கள் தோள் கொடுத்த மலையில், ஏறிவரும் வண்டிகளை எண்ணி நிறுத்த வேண்டியிருக்கிறது.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நான் ஒருமுறை இறங்கினேன். பாசி பிடித்த கல், இரண்டு பக்கமும் சோலை, முழங்காலைக் கேட்கும் இறக்கம். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை, ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்குக் கீழே ஒரு திருப்பத்தில் மணிச்சத்தம் கேட்டது. காப்பி மூட்டை ஏற்றிய குதிரைகள் வந்தன. மேட்டுப்பக்கமாக ஒதுங்குங்க சார், பள்ளத்துப்பக்கம் நின்னா மூட்டை இடிச்சிரும் என்றார் ஓட்டிவந்தவர். நாங்கள் மலையோடு ஒட்டி நின்றோம். குதிரைகள் குளம்பு வைத்த இடங்களில் கல் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

சாலை இல்லாத ஊராக இருந்ததால்தான் நடக்க விரும்புகிறவர்கள் வெள்ளகவியைத் தேடிப் போனார்கள். வெள்ளகவிக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது சாலை. பிரசவ வலி வந்த பெண்ணையும் நோயில் விழுந்தவரையும் அந்தப் பாதையில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு கழிகளுக்கு நடுவே போர்வையைக் கட்டி, முன்னும் பின்னும் தோள் கொடுத்து, மாற்றாட்கள் கூடவே நடந்து தூக்கிப் போனார்கள்.